இரண்டு பெட்டிக்கு நடுவில்

வதினா,

மெட்ராஸிலிருந்து உன் துணி இன்று காலை பார்சலில் திரும்பி வந்தது. சணல் கயிற்றை அறுத்துக் காக்கித் தாளைப் பிரித்ததும் குப்பென்று கஞ்சி வாசனை. சோற்றுக் கஞ்சியும் இஸ்திரிப் பெட்டிச் சூடும் கலந்த வாசனை. எனக்கு வந்த கோபத்தில் தபால்காரரைக்கூட முறைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

உன் துணிக்கு இந்த வாசனை கிடையாது. துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் ஊறிய புளிப்பு, தேங்காய் நார், காவடியிலிருந்து உதிர்ந்த மயிலிறகின் தூசி, பழைய கேசட் நாடாவின் பிளாஸ்டிக் நெடி, இதெல்லாம் சேர்ந்து மூக்கில் அடித்தால் அதுதான் உன் துணி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன். இப்போது அது கடையில் அடுக்கிவைத்த லுங்கி மாதிரி மணக்கிறது. நீ போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் நீ செய்ததைத் திருத்தி, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் ஊருக்குக் காட்டிவிட்டார்கள். யார் என்கிறாயா? வேறு யார், நம் வீட்டார்தான். நானும் அதில் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

நீ அண்ணனைக் கட்டிக்கொண்டு மணவூரிலிருந்து திருத்தணிக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. உன் அப்பா ரயில்வே கேட் கீப்பர். நம் ஆட்கள்தான், ஆனால் தறியை விட்டுவிட்டு ரயிலுக்குப் போன குடும்பம். அதனால் உனக்கு நெசவு வராது என்று உன் மாமனார், அதாவது என் நைனா, முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். அம்மா என்னைப் பிடித்து, “வதினாவ வாங்க போங்கன்னு கூப்டுடி” என்று அதட்டினாள். நீ உடனே, “வாணாம் அத்த, நீன்னே கூப்டட்டும். வாங்கன்னா வந்துகினே இருக்கணும், போங்கன்னா போய்கினே இருக்கணும்” என்றாய். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் நைனா, ஒன்றில் அம்மா. அண்ணன் பவர்லூம் ஷெட்டுக்குப் போய்விடுவான். உனக்கு விட்ட வேலை ராட்டையில் நூல் சுற்றுவது மட்டும். சுற்றினாய். சுற்றி முடித்துவிட்டுக் கொல்லைக்குப் போவாய். அங்கே கயிறு அறுந்துபோன கட்டில் சட்டம் ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. அதில் மேலிருந்து கீழாகப் பாவு மாதிரி நூலைக் கட்டி, குறுக்கே கண்டதையும் கோக்க ஆரம்பித்தாய். கோணிச் சணல், கிழிந்த குடைத்துணி, மடித்து மடித்து நாடாவாக்கிய பஸ் டிக்கெட், துடைப்பக் குச்சி. கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் சிக்கலெடுக்க முடியாமல் வேலிமேல் வீசிய கேசட் நாடாவை நாம் இரண்டு பேரும் முள் குத்தக் குத்தச் சுற்றிக்கொண்டு வந்தோமே, அதுவும்.

நைனா ஒருநாள் வந்து பார்த்தார். “தறிகெட்ட வேல” என்றார்.

“தறி எங்க நைனா கெட்டுது? நீங்கதான் தறியே குடுக்கலியே” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடினாய்.

கோயில் மலைக்கு முடி வாங்கப் போனது நினைவிருக்கிறதா? மனித முடி சாயத்தை எப்படிக் குடிக்கிறது என்று பார்க்கவேண்டும் உனக்கு. மொட்டையடிக்கும் இடத்தில் இருந்தவர், ஏலம் போன சரக்கு, ஒரு இழைகூடத் தரமாட்டேன் என்றுவிட்டார். நான் அழ ஆரம்பித்தேன். “அண்ணா, போன வாரம் நான்தான் மொட்ட போட்டேன். எனுதுல ஒரு புடி மட்டும் திருப்பிக் குடுங்கண்ணா.” இடுப்புவரை பின்னல் தொங்கிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கத்தி கைதவறி யார் காதாவது போயிருக்கும். கடைசியில் அந்தச் சிரிப்புக்காகவே தன் சொந்தப் பொறுப்பில் ஒரு பிடி கொடுத்தார். அத்தனை படியும் இறங்கி வந்தால், வாசலில் அம்மா. “தறி இருக்கற வூட்ல மயிரக் கொண்டாந்து வெச்சிகினு இன்னாடி கூத்து இது?” என்று கத்தினாள். முடி தெருவுக்குப் போயிற்று. முடி எப்படிச் சாயம் குடிக்கும் என்பது இன்றுவரை இந்த வீட்டுக்குத் தெரியாது.

உன் சோதனைகளில் முக்கால்வாசி பாழாய்த்தான் போயிற்று. காளஹஸ்திப் பக்கம் துணியில் படம் எழுதுகிறவர்கள் துருவிலிருந்து கறுப்பு எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பானைத் தண்ணீரில் ஆணி, லாடம், வெல்லம் எல்லாம் போட்டு மூடிவைத்தாய். எலி செத்துக் கிடக்கிறதென்று பக்கத்து வீட்டில் பரணையே காலி செய்தார்கள். “எலி இல்லீங்க, எங்க வதினா கறுப்பு காச்சிகினு கீது” என்று நான் போய்ச் சொன்னதும் வேறு விதமாகப் பயந்தார்கள். முதல் பானையில் நூல் வெந்து பொடிந்தது. மூன்றாவது பானையில், கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்த நூலை முக்கி எடுத்தபோது, காக்கைச் சிறகு மாதிரி ஒரு கறுப்பு வந்தது. நீ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். அரைக் கன்னம் கறுப்போடு இரண்டு நாள் வளையவந்தாய்.

ஆரத்திச் சிவப்பில் முக்கிய நூல் நாலே நாள் வெயிலில் வெளிறிப்போனபோது நான் உச்சுக்கொட்டினேன். நீ கேட்கவேயில்லை. “சாயம் போவுதா? போவட்டும். எங்க வரைக்கும் போவுதுன்னு பாக்கலாம்” என்று தினமும் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டாய். கேசட் நாடா முடிச்சில் நிற்காமல் வழுக்கியது. அதைக் கறுப்பு நூலோடு சேர்த்து ராட்டையில் முறுக்கிப் பார்த்தாய். நின்றது. வெயில் பட்டால் பளிச்சென்று மின்னியது. “பாட்ட நிறுத்திட்டு வேல செய்யற ஜரிக” என்றேன். “உன்ன மாதிரி இல்ல” என்றாய்.

அந்த நூலில்தான் ரயில் துணியை ஆரம்பித்தாய்.

கட்டில் நீளத்துக்குப் பன்னிரண்டு கறுப்புப் பட்டை. இரண்டு பட்டைக்கு நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு, குறுக்கிழை எதுவும் இல்லாமல் வெறும் பாவு. பதினோரு இடைவெளி. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் சரியாமல் அந்த ஆரத்திச் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு, பிசிறைத் தொங்கவிட்டு நிறுத்தவே உனக்கு இரண்டு மாதம் பிடித்தது. முடித்ததும் சட்டத்திலிருந்து எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, துணிக்கொடியில் தொங்கவிட்டாய். “அந்தப் பக்கமா போய் நடடி” என்றாய். நடந்தேன். நீ இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய்.

“இன்னா வதினா இது?”

“எங்கூரு கேட்டு. சின்னப் புள்ளயில பள்ளிக்கூடம் வுட்டு வருவேன். கேட்டு சாத்தியிருக்கும். அம்மா அந்தாண்ட பக்கம் புல்லுக்கட்டோட நிப்பாங்க. ரயிலு போவும். ரெண்டு பெட்டிக்கு நடுவுல அம்மா தெரிவாங்க, மறைவாங்க, தெரிவாங்க. ரயிலு பூரா போயிடுச்சின்னா அம்மா சும்மா நின்னுகினு இருப்பாங்க, அது ஒண்ணுமில்ல. போவும்போது பாக்கறதுதான். அதத்தான் நெஞ்சேன்.”

எனக்குப் புரிந்தது. பதினைந்து வயசுக் குரங்குக்கே புரிந்தது, வதினா.

அந்த வாரம்தான் மெட்ராஸில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் கோயிலுக்கு வந்தவர், கைத்தறிப் புடவை பார்க்க நம் வீட்டுக்கும் வந்தார். நீ கொல்லையில் மாட்டிவைத்திருந்த சின்னத் துண்டுகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ரயில் துணி அன்று மடித்துப் பெட்டியில் இருந்தது. பெரிதாக ஒன்று இருக்கிறது என்று நீ சொன்னதும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கண்காட்சி வைக்கும்போது கடிதம் போடுகிறேன், அதை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அன்று சோறு வடிக்க மறந்துபோனாய். முதல் தடவையாக ஒருவர் உன்னிடம், ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார்.

கடிதம் வருவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. “ஆரத்திச் சாயம் கண்ணுல ஏறிகிச்சி பாரு” என்று கண்ணைக் காட்டிச் சிரித்தாய். கீழாநெல்லி, அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் அண்ணன் மட்டும் திரும்பி வந்தான்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். உன் துணி மெட்ராஸில், பெரிய ஹாலில், எல்லாரும் பார்க்கத் தொங்கப் போகிறது. அண்ணன் எழுந்து வெளியே போனான். நைனா கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் வைத்திருந்தார். நான் அன்று ரயில் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். இது ஒன்றுதான் உன்னை உன்னைப் போலவே வெளியே காட்டும் என்று நினைத்தேன். அது போய்ச் சேர்ந்தால் போதும். இந்த வீடு உன்னிடம் பார்க்காததை யாராவது பார்ப்பார்கள்.

மறுநாள் எனக்குப் பரீட்சை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் பாய் விரித்து, உன் துணியை விரித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். நைனா, அம்மா, ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணன். மூன்று பேர் கையிலும் ஊசி. உயர்ந்த ரகக் கறுப்பு நூல், புதுக் கண்டு. பதினோரு இடைவெளியில் பத்தை இழை ஓட்டி அடைத்துவிட்டார்கள். தொங்கிக்கொண்டிருந்த சிவப்புப் பிசிறுகளைக் கத்தரித்தாகிவிட்டது. அம்மா அடுப்பில் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள்.

“அய்யோ! இன்னா பண்ணிகினு கீறீங்க?”

நைனா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. “நல்லா வந்துகீது பாரு. எந்த எடத்துல அடச்சோம்னு சொல்லு பாப்போம்.”

“அடைக்கச் சொல்லி யாரு கேட்டாங்க?”

“இன்னாம்மே பேசற? நம்ம வூட்லருந்து இழ வுட்ட துணி என்னிக்குனா வாசப்படி தாண்டியிருக்குதா? எங்க அப்பாரு காலத்துலருந்து கெடையாது. அதுவும் போய்ச் சேந்தவ துணி. அரகொறயா அனுப்பினா, அந்தப் பொண்ணுக்கு நெய்யத் தெரியலன்னு நாலு பேரு சொல்ல மாட்டானா?”

“தெரியலன்னு சொன்னதே நீங்கதான?”

“ஏய்!” என்று அம்மா எழுந்தாள்.

“ஊரு பேரு திருத்தணின்னா கண்ணுல பட்டதெல்லாம் திருத்தணுமா? அது ரயிலு நைனா! ரயில அடச்சி செவுரு ஆக்கிட்டீங்க!”

கன்னத்தில் விழுந்தது. அம்மா கை. அதற்குப் பிறகு நைனா சொன்னதுதான் அடி. குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நீதானம்மே சொன்ன, நூலு தீந்துபோச்சின்னு. பாவம், முடிக்காம போயிட்டாளேன்னுதான் நாங்க உக்காந்து முடிச்சோம்.”

ஆமாம். நான்தான் சொன்னேன். துணி கொடியில் தொங்கிய அன்று நைனா கொல்லைப் பக்கம் வந்து, “இன்னாத்துக்கு நடுவுல நடுவுல வுட்டுகினு கீது?” என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் ஒரு மணிநேரம் உனக்கு அர்ச்சனை நடக்கும். அதனால் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டேன்: “நூலு தீந்துபோச்சி நைனா. வாங்கனதும் அடச்சிடும்.” உள்ளே வந்து உன்னிடம் சொன்னேன். “ரயிலுக்கு நூலு தீந்துபோச்சாமா! நல்லா புளுகற போ” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நம்முடைய நூறு குறும்புகளில் அதுவும் ஒன்று என்று இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

அன்று கூடத்தில் நின்றபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டேன். அண்ணன் கடைசி இடைவெளியில் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான். உனக்குச் செய்கிற கடைசி வேலை என்று நினைத்து, ஒரு இழை பிசகாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் எப்படிச் சொல்வது?

கண்காட்சிக்கு அண்ணனும் நானும் காலை ரயிலில் போனோம். எங்கே மாட்டியிருந்தார்கள் தெரியுமா? ஹாலின் ஓரத்தில் வந்தவர்களுக்கு டீ கொடுக்கிற மேஜை. அது கண்ணில் படாமல் இருக்க இரண்டு தூணுக்கு நடுவே உன் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: ‘கைத்தறி விரிப்பு. திருத்தணி நெசவாளர் குடும்பம்.’ விரிப்பாம்! குடும்பமாம்! குடும்பமே எதிர்த்த ஒன்றைச் செய்தவளுக்குப் பேர் கிடையாது. கெடுத்த குடும்பத்துக்கு அட்டை.

மெட்ராஸ் அம்மா வந்து நல்லபடியாகத்தான் பேசினார். “ரொம்ப நீட்டா முடிச்சிருக்காங்க. ஆனா...” என்று கொஞ்சம் இழுத்தார். “அவங்க சின்னத் துண்டுல இருந்தது இதுல இல்லையோன்னு தோணுது.” சொல்லிவிட்டு வேறு யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார்.

நான் பையில் கிடந்த ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துணிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, முதல் இடைவெளியில் நைனா வகையறா ஓட்டிய இழையை வெட்டி இழுக்க ஆரம்பித்தேன். காவல்காரர் வந்தார்.

“இன்னா பாப்பா இது?”

“டெமான்ஸ்ட்ரேஷனுங்க. போர்டு கொண்டாந்துகினு கீறாங்க.”

அவர் நகர்ந்து நாலு பேரை அழைத்து வந்து வேடிக்கை பார்க்க வரிசையாக நிறுத்தினார். அண்ணன் பின்னாலிருந்து என் கையைப் பிடித்தான். “பைத்தியமா உனுக்கு? அவ துணிடி அது!”

“அண்ணா, நூலு தீரல. நான் நைனாகிட்ட புளுகினேன். வதினா முடிச்சிடுச்சி. அது வேணும்னுதான் வுட்டுது.” அப்புறம் கேட்டு, புல்லுக்கட்டு, உன் அம்மா, எல்லாவற்றையும் அந்த ஸ்டூல்மேல் நின்றபடியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் பிடி தளர்ந்தது. அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் துணியின் மறுமுனைக்குப் போய்த் தன் கையாலும் அம்மா கையாலும் அடைத்த இழையைத் தேடிப் பிடித்து உருவ ஆரம்பித்தான். என்னைப்போல் வெட்டவில்லை. நெசவுக்காரன் விரல், ஒவ்வொன்றாக, உன் பாவு நலுங்காமல். ஏழு இடைவெளி திறந்தபோது மறுபக்கம் டீ குடிக்கிறவர்களின் தோளும் டம்ளரும் துண்டு துண்டாகப் போய் வந்தன.

மெட்ராஸ் அம்மா ஓடிவந்தார். “யாரைக் கேட்டுப் பிரிக்கிறீங்க?”

ஆயுளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத உன் புருஷன் சொன்னான்: “நெஞ்சவள கேட்டுதாங்க. அன்னிக்கு அடைக்கும்போதுதான் யாரையும் கேக்கல.”

அவர் துணிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார். பிறகு அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, “அவங்க பேரு என்ன?” என்றார். அண்ணன் சொன்னான். வாய்விட்டு அவன் உன் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுத்துக் கூட்டியும் சொன்னான்.

மீதி நாலை அவன் தொடவில்லை. “அது நைனா போட்டது. அவரே பிரிக்கட்டும்” என்றான். அப்படியே ஏழு திறந்தும் நாலு மூடியும் பத்து நாள் தொங்கியது.

அதுதான் இன்று வந்திருக்கிறது. கூடத்தில் விரித்துவைத்தேன். நைனா தறியிலிருந்து எழுந்து வந்தார். திறந்து கிடந்த ஏழு இடத்தையும் பார்த்ததும் முகம் சிவந்தது. “எவன் பிரிச்சது?”

சொன்னேன். நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். இந்த முறை கத்தாமல் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்போ முடிச்சிட்டுத்தான் போனாளா?” என்றார்.

“ஆங்.”

“அத ஏம்மே எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஏன் நைனா அதுகிட்ட கேக்கல?”

இப்போது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணிமேல் குனிந்து, தான் அடைத்த இழையின் நுனியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறார், அவருக்கே அகப்படவில்லை. நான் உதவப் போகவில்லை. தேடட்டும். பக்கத்து அறையில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் தணியவில்லை, வதினா. கத்தரித்துக் குப்பைக்குப் போன சிவப்பு நூல் திரும்ப வராது. ஐந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் அவர் கையால் வாங்கிய நூலைச் சுற்றினாய். கொல்லைக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியில் ஒருநாள் உன் எதிரே நின்று, ‘இன்னாமா நெய்யற?’ என்று அவர் கேட்டிருந்தால் நீ எவ்வளவு சொல்லியிருப்பாய்! அவர்மேல் ஆத்திரப்படும்போதெல்லாம் என் பங்கும் கூடவே வந்து நிற்கிறது. உன்னிடம் கேட்க வேண்டியதை அவர் என்னிடம் கேட்டார். நீ சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்.